சந்தனம் அடைத்த துப்பாக்கி

பூஜையறைப் பலகையில் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன. அரிவாள்மனை, கத்தரிக்கோல், கார் ஜாக்கி, முதலாளியின் கால்குலேட்டர், பேரனுடைய ஜாமெட்ரி பாக்ஸ். கடைசியில் என் துப்பாக்கி.

என் துப்பாக்கி என்று வாய்தான் சொல்கிறது. லைசென்ஸ் முதலாளி பெயரில். தூக்கிக்கொண்டு திரிய அனுமதிக்கப்பட்ட ஆள் என்று அதில் என் பெயரும் போட்டோவும் ஒட்டியிருக்கும். பன்னிரண்டு ‘போர்’ அளவு, ரெட்டைக்குழல். ஆயுத பூஜைக்கு அதுவும் குளித்து, எண்ணெய் பூசி, தோட்டா இல்லாமல் சாதுவாகப் படுத்திருந்தது.

முதலாளியின் மனைவியை நாங்கள் எல்லோரும் அம்மா என்றுதான் சொல்வோம். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார்கள். துப்பாக்கியிடம் வந்ததும் கை நின்றது.

“ஏனுங்க ரங்கசாமி, இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கமுங்க?”

அதற்கு முந்தைய வருஷம் வரை பூஜை நாளில் எனக்கு லீவு. துப்பாக்கி பீரோவிலேயே இருக்கும். அதனால் இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. கார் கழுவும் இடத்திலிருந்து டிரைவர் மணி வேறு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். யோசிக்காமல், “குண்டு வர்ற பக்கந்தானுங்கம்மா” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

ஒரு வாசகரின் கேள்வி

இந்தத் தொடரைப் படிக்கிற திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ‘இத்தனை வருஷம் கன்மேனாக இருந்தீர்களே, எத்தனை பேரைச் சுட்டீர்கள்? அதை மட்டும் எழுதாமல் மழுப்புகிறீர்களே’ என்று. மழுப்பவில்லை ஐயா. ஒருவரையும் சுடவில்லை. சுட்டிருந்தால் முதல் வாரத்திலேயே எழுதியிருப்பேன், பத்திரிகையும் அட்டையில் போட்டிருக்கும்.

சுடாததில் எனக்கு வருத்தம் இல்லை. சொல்லப்போனால் அதில் ஒரு கர்வமே உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்ததே அந்தத் தகுதியில்தான்.

பட்டாளத்திலிருந்து வந்து பவானியில் சும்மா உட்கார்ந்திருந்த சமயம். கோயமுத்தூரில் மில் முதலாளிகள் சிலர் கன்மேன் வைத்துக்கொள்ள ஆரம்பித்த காலம் அது. தொண்ணூறுகள் பாதி ஓடியிருக்கும். யாரோ சொன்னார்கள் என்று இஸ்திரி போட்ட சட்டையும் முறுக்கிய மீசையுமாக காந்திபுரத்தில் பஸ் இறங்கி, விசாரித்துக்கொண்டு முதலாளியின் பங்களாவுக்குப் போனேன். எனக்கு முன்னால் ரெண்டு மூன்று பேர் உள்ளே போய்விட்டு வந்தார்கள். உள்ளே அவர்கள் சொன்ன வீரக்கதை வராந்தா வரை கேட்டது. நம்மிடம் அப்படிக் கதை ஒன்றும் இல்லையே.

முதலாளி வீட்டில் பேசுவது தெலுங்கு. வெளியே பேசுவது அச்சு அசல் கோயமுத்தூர்த் தமிழ். துப்பாக்கி சுடத் தெரியுமா என்றார். அட்டையில் குறி பார்த்துச் சுட்டிருக்கிறேன், பதக்கம்கூட வாங்கினேன் என்றேன். ஆளைச் சுட்டதுண்டா என்றார். பொய் சொல்ல நாக்கு வரை வந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கத் தயாரானேன்.

“அப்பொ நீங்க நாளைக்கே வந்துருங்க” என்றார்.

ஹால்ட் என்றால் நிற்க மாட்டார்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு பயிற்சி ஏற்பாடு செய்தார்கள். சொல்லிக் கொடுக்க வந்தவர் வடக்கே பெரிய செக்யூரிட்டி கம்பெனியில் இருந்தவராம். முதலாளிக்கு இடது பக்கம், அரை அடி பின்னால் நடக்க வேண்டும். காரில் இருந்து முதலில் நான் இறங்க வேண்டும். கூட்டத்தில் முகத்தைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும். முகம் பொய் சொல்லும், கை சொல்லாது. பட்டாளத்திலும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாம் சரிதான்.

சந்தேகப்படுகிற ஆளைப் பார்த்து ‘ஹால்ட்’ என்று கத்த வேண்டும் என்று சொன்னதுதான் நம் ஊரில் எடுபடவில்லை. ஒரு முறை மில் வாசலில் கத்திப் பார்த்தேன். அந்த ஆள் திரும்பித் தனக்குப் பின்னால் யாரைக் கூப்பிடுகிறேன் என்று பார்த்துவிட்டு, நடந்து வந்துகொண்டே இருந்தார். அதற்குப் பிறகு நான் ‘ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க’ என்பதற்கு மாறிவிட்டேன். அதற்கு நிற்காத ஆளை நான் பார்த்ததில்லை. நின்று, என்னங்க என்று கேட்பார்கள். அடிக்க வந்தவனும் என்னங்க என்று கேட்டுவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

குறி தவறாமல் இருக்க எப்போதாவது அன்னூர்ப் பக்கம் முதலாளியின் தோட்டத்துக்குப் போவோம். காலி எண்ணெய் டின்னைக் கிணற்று மேட்டில் வைத்துச் சுடுவேன். சத்தத்தில் மயில்கள் எல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். எருமை பால் சுரக்கவில்லை என்று தோட்டத்துக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஒரு தடவை முதலாளிக்கே ஆசை வந்து வாங்கிச் சுட்டார். தோளில் ஒட்டிப் பிடியுங்கள் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. உதை வாங்கித் தோள் கன்றிப்போனது. அம்மா தைலம் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எனக்கு வந்த காபியில் சர்க்கரையே இல்லை.

எதிர் டீக்கடை

பழனிசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லில் பிட்டர். மிஷின் நின்றுபோனால் ஓட வைக்கிற வேலை. நல்ல வேலைக்காரர், ஆனால் கோபக்காரர். ஒரு நாள் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் மரியாதை இல்லாமல் பேசிவிட்டார் என்று அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்திவிட்டார். கையில் அப்போது ஸ்பேனர் இருந்தது. அடிக்கவில்லை, ஆனால் ஓங்கினார் என்று பேச்சு. சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து பங்களாவுக்கு எதிரே உள்ள டீக்கடையில் பழனிசாமி வந்து நிற்க ஆரம்பித்தார். கையில் டீ கிளாஸ் இருக்கும், குடிக்க மாட்டார். கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டில் நான் துப்பாக்கியோடு நிற்பேன். அவர் என்னைப் பார்ப்பார், நான் அவர் கையைப் பார்ப்பேன். முதலாளியின் கார் வெளியே வரும்போது ரெண்டு அடி முன்னால் வருவார். நான் துப்பாக்கியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவேன். அவர் நின்றுவிடுவார்.

இதை அம்மா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை என்று என்னிடமே சொன்னார்கள். போலீசில் சொல்லலாம் என்றேன். டீக்கடையில் நிற்கிறவனை எதற்குப் போலீசில் சொல்வது என்று முதலாளி மறுத்துவிட்டார். அம்மாவுக்குத் தெம்பு சொல்லுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் இருக்கிறவரை முதலாளி மேல் ஒரு தூசி விழாது என்று மீசையைத் தடவிக்கொண்டு சொன்னேன். அந்த வருஷம் பூஜைக்கு எனக்கு லீவு கிடையாது என்று ஆனது இதனால்தான்.

பூ சுற்றிய துப்பாக்கி

இப்போது பூஜையறைக்குத் திரும்பலாம்.

காலையில் வீட்டுப் பூஜை முடிந்தது. மத்தியானம் மில்லில் பூஜை. முதலாளியும் அம்மாவும் சேர்ந்து போவது வழக்கம். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் மறுபூஜை முடிகிறவரை தொடக் கூடாது என்பது அந்த வீட்டில் கண்டிப்பு. அன்றைக்கு அரிவாள்மனையே பலகையில் இருப்பதால், காய் நறுக்குவதைக்கூட முந்தின நாளே முடித்துவிடுவார்கள். துப்பாக்கியும் பலகையில். எதிர் டீக்கடையில் அன்று பழனிசாமி இல்லை. இருந்தாலாவது எங்கே இருக்கிறார் என்று தெரியும். நான் போய் அம்மா முன்னால் நின்றேன்.

அம்மா சாமி படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்கள்: “எடுத்துட்டு வாங்க. ஆனா பூவையும் பொட்டையும் கழட்டிப்போடாதீங்க. மறுபூஜை வரைக்கும் அது அப்பிடியே இருக்கோணும்.”

குழல் முனையில் செவ்வந்திச் சரத்தை நெருக்கமாகச் சுற்றியிருந்தார்கள். கட்டையில் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். அதைத் தூக்கிக்கொண்டு காரின் முன் சீட்டில் உட்கார்ந்தபோது, பெண் அழைத்துக்கொண்டு போகிறோமா என்று மணி கேட்டான்.

மில் வாசலில் முதலில் நான் இறங்கினேன். தோட்டா போடுமுன் துப்பாக்கியை மடித்துக் குழலுக்குள் பார்ப்பது என் பழக்கம். பின்பக்கம் கண்ணை வைத்தால் முன்பக்கம் ரெண்டு வட்டமாக வெளிச்சம் தெரியும். காருக்குப் பின்னால் போய் வானத்தைப் பார்த்துப் பிடித்தேன். வலது குழலில் இருட்டு. இடது குழலிலும் இருட்டு.

பூவை விலக்கிப் பார்த்தேன். ரெண்டு வாயிலும் சந்தனத்தை உருட்டி அடைத்து, மேலே ஒவ்வொரு குங்குமப் பொட்டு. நான் சொன்ன மூஞ்சிக்கு அம்மா ஒரு குறையும் வைக்கவில்லை. நல்ல சந்தனம். காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. விரலால் அழுத்தினால் உடையாமல் கட்டியாக உள்ளேதான் போனது.

துப்பாக்கி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாய் அடைத்த குழலில் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், எதிரில் இருப்பவனுக்கு ஆகிறதோ இல்லையோ, பிடித்திருப்பவன் கையிலேயே குழல் வெடிக்கும். உள்ளே விட்டுத் தள்ளுகிற கம்பி வீட்டில் பீரோவுக்குள் இருந்தது. அம்மா காரிலிருந்து இறங்கி, பூவைக் கழற்றிவிட்டேனா என்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் துப்பாக்கியை வெறுமனே மூடி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, மீசையை மட்டும் சரி செய்துகொண்டு முதலாளிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தோட்டா என் சட்டைப் பையில் இருந்தது.

பூசணிக்காய்

மில் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். உள்ளே மிஷின் எல்லாம் நின்றுபோய், அந்த அமைதியே காதுக்குப் புதிதாக இருந்தது. ஒவ்வொரு பிட்டரும் தன் ஸ்பேனரை, தான் பார்க்கிற மிஷின் மேல் வைத்துப் பொட்டு வைத்திருந்தார். மில் ஸ்பேனர் இல்லை, அவரவர் சொந்தமாக வாங்கியது. அதை அன்றைக்கு மிஷின் மேல் வைக்காவிட்டால் வருஷம் முழுக்க கை ஓடாது என்று ஒரு நம்பிக்கை.

முற்றத்தில் பூசணிக்காய் உடைத்தார்கள். தரையெல்லாம் குங்குமம் கலந்த சதை. முதலாளி அதைத் தாண்டி உள்ளே போகக் காலை எடுத்தார். அப்போதுதான் கேட் பக்கத்திலிருந்து பழனிசாமி வந்தார்.

வேகமாக வந்தார். வலது கையில் நியூஸ்பேப்பர் சுற்றிய ஒரு சாமான். முழங்கை நீளம். ஒரு முனை கனமாக இருப்பது பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. கூட்டம் தானாக விலகி வழி விட்டது. கேட்டில் இருந்த வாட்ச்மேன் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஏனுங்க பழனிசாமி, அங்கியே நில்லுங்க” என்றேன்.

“வாரனுங்க” என்று சொல்லிக்கொண்டே அவர் வந்தார். நில்லுங்க என்று சொல்லி நிற்காத முதல் ஆள்.

துப்பாக்கி துப்பாக்கியாக இருந்திருந்தால் நான் அதை நிமிர்த்தியிருப்பேன். அவர் அதற்கு மேலும் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை இன்றுவரை நான் யோசிக்க விரும்புவதில்லை. அன்றைக்கு அந்தக் கேள்விக்கே இடம் இல்லை. என்னிடம் இருந்தது ரெண்டு கைதான். துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, முதலாளியைப் பின்னால் தள்ளிவிட்டு, ஓடிப்போய்ப் பழனிசாமியின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

பிடித்தேனே தவிர, நின்ற இடம் பூசணிக்காய் மேல். என் கால் ஒரு பக்கம் போனது, அவர் கால் இன்னொரு பக்கம் போனது. ரெண்டு பேரும் கட்டிப்பிடித்தபடி சதைக்குள்ளே உட்கார்ந்தோம். என் வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. பின்னால் அம்மா அலறியது கேட்டது. ரத்தம் என்றே நினைத்திருக்கிறார்கள்.

உட்கார்ந்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு மாதமாகக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த ஆள். அவர் அழுதுகொண்டிருந்தார்.

பேப்பர் கிழிந்து உள்ளே இருந்தது தரையில் விழுந்தது. பெரிய ஸ்பேனர். எண்ணெய் போட்டுத் துடைத்து, கைப்பிடியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், ஒரு முழப் பூ. என் தோளிலிருந்து நழுவிய துப்பாக்கி அதன் பக்கத்திலேயே கிடந்தது. அதற்கும் விபூதி, குங்குமம், பூ. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் போல ரெண்டும் கிடந்தன.

முதலாளி என்னைத் தாண்டி முன்னால் வந்துவிட்டார். “என்னங்க பழனிசாமி இது?” என்றார்.

பழனிசாமி எழுந்திருக்கவில்லை. “பூசையில வெக்கலாம்னு எடுத்தாந்தனுங்க மொதலாளி. கேக்கலாம்னுதான் தெனமும் ஊட்டு முன்னால வந்து நின்னேன். கிட்ட வர முடியல. என்னைய வேலைக்கு வேண்டாம்னாலும் செரீங்க. இது மட்டும் உள்ள போகட்டுமுங்க.”

அந்தச் சூப்பர்வைசரும் அங்கேதான் நின்றிருந்தார். அவர் தரையைப் பார்த்தார்.

முதலாளி குனிந்து ஸ்பேனரை எடுத்தார். வேட்டியில் துடைத்தார். கலைந்த பூவைச் சரி செய்தார். பழனிசாமி பார்த்த மிஷின் எது என்று கேட்டுவிட்டு, தானே உள்ளே எடுத்துக்கொண்டு போய் அதன் மேல் வைத்தார். பழனிசாமி வாசலிலேயே நின்று கும்பிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பூசணிக்காய் தெறித்துவிட்டது போலத் துடைத்துக்கொண்டேன்.

முதலாளி சிரித்தது

சாயந்திரம் கார் ஷெட்டில், அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, முதலாளியிடம் துப்பாக்கியை மடித்துக் காட்டினேன். கண்ணை வைத்துப் பாருங்கள் என்றேன். பார்த்தார். ஒன்றும் தெரியவில்லையே என்றார். அதுதான் விஷயம் என்று சொன்னேன்.

துப்பாக்கியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வேலை போச்சு என்று நினைத்தேன். அப்புறம் ஜாக்கியின் பெட்டி மேல் உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. அப்பறம் சந்தனம் வெக்கவே பயந்துக்குவா” என்றார். நான் இன்றுவரை சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை அவர்கள் படிக்கிறார்களா என்று தெரியாது.

மறுபூஜை முடிந்த பிறகு கம்பியும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்து அந்தச் சந்தனத்தை எடுத்தேன். துப்பாக்கி அதற்குப் பிறகும் வெகுநாள் கோயில் மாதிரி மணந்தது. விசாரணை நடந்து, கார்த்திகை முடிவதற்குள் பழனிசாமி வேலைக்குத் திரும்பிவிட்டார். சூப்பர்வைசரும் கொஞ்சம் வாயை அடக்கிக்கொண்டார் என்று கேள்வி.

ஒரு நாள் அதே எதிர் டீக்கடையில் பழனிசாமி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இந்தத் தடவை தானும் குடித்தார். சந்தனக் கதையைச் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

“உங்க துப்பாக்கிக்குப் பயந்துதானுங்ணா அத்தன நாளும் கிட்ட வராம நின்னேன். அன்னிக்கு அதுக்குப் பூ சுத்தியிருந்துச்சா. அதப் பாத்ததும் பயம் போயிருச்சுங்ணா. அதான் நீங்க நில்லுன்னும் நிக்காம வந்துபோட்டேன்.”

அடுத்த வருஷம் வீட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வர வேண்டாம், துப்பாக்கியை மில் பூஜையிலேயே வைத்துவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். பழனிசாமியின் மிஷின் மேல் இடம் இருந்தது. அவருடைய ஸ்பேனரும் என் துப்பாக்கியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்கள். ஸ்பேனருக்கு வைத்துவிட்டுத் துப்பாக்கியிடம் வந்தார்கள். நான் வாயைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முதலாளி மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழனிசாமிதான் கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

“அம்மா, அண்ணனோடதுக்கு மட்டும் சந்தனம் கொஞ்சம் சேத்தியே வெய்யுங்க.”